கீழிருந்து ஏறி வரும் நெருப்பு: எக்ஸ் கதிரில் சூரியனின் சுடர்வெடிப்பைப் படிப்பது

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம், நிலவின் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மௌனமாகிப் போனது. அன்று கண் விழித்துத் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அந்தக் கனத்த அமைதி இன்னும் நினைவிருக்கும். ஆனால் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அந்தத் திட்டத்தின் சுற்றுக்கலம் நலமாக இருந்தது. அதில் எட்டுக் கருவிகள் இருந்தன. ஏழு கருவிகள் நிலவையும் அதைச் சூழ்ந்த மெல்லிய வளியையும் ஆராய வந்தவை. எட்டாவது மட்டும் சூரியனைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்தது. அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்த சூரிய எக்ஸ் கதிர்க் கண்காணிப்பான் அது. எக்ஸ்எஸ்எம் என்று சுருக்கிச் சொல்வார்கள். சூரிய ஒளி உள்ளே நுழைவதற்கு அதில் இருக்கும் துளை ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை.

அந்தத் துளை வழியாகக் கிடைத்த ஒரு கண்டுபிடிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரை. சூரியனில் நடந்த ஒன்பது சிறிய வெடிப்புகளில், ஒளிரும் பொருளின் கலவை சில நிமிடங்களுக்கு மாறியது. அப்புறம் பழைய கலவைக்கே திரும்பியது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வெடிப்பில் கொதிக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு நம் கையில் இருக்கும் மிக நேரடியான சாட்சிகளில் இது ஒன்று. இது ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால், சுடர்வெடிப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சோலார் ஃப்ளேர் என்று செய்திகளில் வருவதைத்தான் இங்கே சுடர்வெடிப்பு என்கிறேன். சூரியனின் காந்தப்புலத்தில் முறுக்கிச் சேர்த்து வைத்த ஆற்றல் சில நிமிடங்களில் விடுபட்டு, வெப்பமாகவும் ஒளியாகவும் வேகமான துகள்களாகவும் மாறும் நிகழ்ச்சி அது. முதன்முதலில் இதைப் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேரிங்டனும் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும். 1859 செப்டம்பர் 1 அன்று சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்த கேரிங்டன், ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெள்ளை ஒளித்திட்டுகள் திடீரெனத் தோன்றி ஐந்து நிமிடத்தில் மறைவதைக் கண்டார்.

அவர் கண்ணால் பார்த்தது அபூர்வமான அதிர்ஷ்டம். மிகப் பெரிய சுடர்வெடிப்பு ஒன்றில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 10-இன் 25-ஆம் அடுக்கு ஜூல். இன்றைய உலகம் முழுவதும் செலவழிக்கும் ஆற்றல் கணக்கில் பார்த்தால் அது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் போதும். ஆனால் சூரியன் எந்தச் சலனமும் இல்லாமல் ஒரு நொடியில் கொட்டும் ஆற்றல் அதைவிட முப்பது மடங்குக்கும் அதிகம். அதனால் சாதாரண ஒளியில் பார்த்தால், எவ்வளவு பெரிய வெடிப்பும் சூரியனின் பிரகாசத்துக்குள் மூழ்கிப்போகும். எக்ஸ் கதிரில் நிலைமை தலைகீழ். சுமார் 5,500 டிகிரி செல்சியஸில் இருக்கும் சூரியப் பரப்பு எக்ஸ் கதிரை வெளியிடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம்; அங்கே அது வெறும் கறுப்பு வட்டு. எக்ஸ் கதிரில் ஒளிர்வதெல்லாம் பல லட்சம், பல கோடி டிகிரி வெப்பத்தில் இருக்கும் பொருள்தான். வெடிப்பு நடக்கும்போது சூரியனின் மொத்த எக்ஸ் கதிர் ஒளி நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூட எகிறும்.

சரி, அப்படியானால் தரையிலிருந்தே பார்க்கலாமே என்றால், முடியாது. காற்றுமண்டலம் எக்ஸ் கதிரை வெகு உயரத்திலேயே விழுங்கிவிடுகிறது. நாம் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகள் அமெரிக்கர்கள் கைக்குப் போன பிறகுதான் வழி பிறந்தது. 1949 செப்டம்பர் 29 அன்று ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழு, நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் தளத்திலிருந்து ஏவிய வி-2 ஒன்றில் கதிர் எண்ணும் கருவிகளை வைத்து அனுப்பியது. சூரியனிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறது என்பதைக் கருவிகள் எண்ணிக் காட்டின. நகரங்களை அழிக்கச் செய்த இயந்திரம் சூரியனைப் படிக்க உதவியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் கொஞ்சம் ஆறுதல் வரும்.

இன்று செய்திகளில் 'எக்ஸ் வகை வெடிப்பு', 'எம் வகை வெடிப்பு' என்று வருவதெல்லாம் அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்கள் தரும் அளவு. எக்ஸ் கதிரின் ஒரு குறிப்பிட்ட அலைநீளப் பட்டையில், அதாவது 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரை, பூமிக்கு அருகே எவ்வளவு ஆற்றல் வந்து விழுகிறது என்பதைப் பார்த்து ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று எழுத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. 2003 நவம்பர் 4 அன்று நடந்த வெடிப்பு கோஸ் கருவியின் அளவுகோலையே தாண்டி அதைத் திக்குமுக்காட வைத்தது. எக்ஸ்28 என்று மதிப்பிட்டார்கள். பூமியின் அயனிமண்டலத்தில் ஏற்பட்ட மாற்றத்தை வைத்துக் கணக்குப் போட்ட நியூசிலாந்து ஆய்வாளர்கள் எக்ஸ்45 வரை போயிருக்கும் என்றார்கள்.

இந்த எழுத்து வகைப்பாடு பயனுள்ளதுதான். ஆனால் அது சத்தத்தை மட்டும் அளப்பது போல. பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடித்தால் எவ்வளவு பெரிய சத்தம் என்று சொல்லிவிடலாம். எந்த மருந்து, எவ்வளவு அடைத்தார்கள், எப்படிப் பற்றியது என்று சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் நிறமாலையியல் வருகிறது.

நிறமாலையைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் கருவி வைத்துப் பார்த்தார் பிரான்சின் ஜான்சன். மசூலிப்பட்டினத்தில் பார்த்தவர் சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன். சூரியனின் விளிம்பில் அன்று தெரிந்த மஞ்சள் கோடுதான் பிற்பாடு ஹீலியம் என்ற தனிமத்துக்கு இட்டுச் சென்றது. மறுவருடம், 1869 கிரகணத்தில், சூரியனைச் சுற்றி ஒளிரும் கொரோனாவில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் எந்தத் தனிமமும் அந்தக் கோட்டைத் தரவில்லை. ஹீலியம் கிடைத்த உற்சாகத்தில், இதுவும் புதுத் தனிமம் என்று நினைத்து 'கொரோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சுமார் 70 ஆண்டுகள் அந்தப் பெயர் நிலைத்தது. ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியனும் ஸ்வீடனின் பெங்ட் எட்லெனும்தான் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிச்சை அவிழ்த்தார்கள். அது புதுத் தனிமமே இல்லை. நம் வீட்டு அரிவாளிலும் தோசைக்கல்லிலும் இருக்கும் அதே இரும்பு. ஆனால் தன் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐ இழந்து நிற்கும் இரும்பு. அவ்வளவு எலெக்ட்ரான்களைப் பிடுங்குவதற்கு 10 லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆக, ஒரு பச்சைக் கோடு, கொரோனா சூரியப் பரப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சூடானது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

எக்ஸ் கதிர் நிறமாலையும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் சூடான இடங்களுக்கு. அதில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, எல்லா ஆற்றலிலும் பரவியிருக்கும் தொடர் ஒளி. சூடான வாயுவில் ஓடும் எலெக்ட்ரான்கள், எலெக்ட்ரானை இழந்த அணுக்களான அயனிகளுக்குப் பக்கத்தில் போகும்போது இழுக்கப்பட்டு, திசை மாறி, வேகம் இழந்து, இழந்த ஆற்றலை எக்ஸ் கதிராக உமிழ்கின்றன. வாயு எவ்வளவு சூடோ அவ்வளவு உயர்ந்த ஆற்றல் வரை இந்த ஒளி நீளும். வரைபடத்தில் அது ஒரு சரிவாகத் தெரியும். சரிவு செங்குத்தாக விழுந்தால் வாயு ஒப்பளவில் குளிர்ந்தது. மெதுவாக இறங்கினால் சூடானது. சரிவின் சாய்வே வெப்பமானி. எக்ஸ் கதிர் ஆற்றலைக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் சொல்வது வழக்கம். 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்பது வெப்பநிலைக் கணக்கில் சுமார் 1.16 கோடி கெல்வின்.

இன்னொன்று, அந்தச் சரிவின் மேல் முண்டுமுண்டாக நிற்கும் கோடுகள். மக்னீசியம் 1.35-க்குப் பக்கத்தில், சிலிக்கான் 1.86-க்குப் பக்கத்தில், கந்தகம் 2.45-ஐ ஒட்டி, கால்சியம் 3.9-ஐ ஒட்டி என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் இடம். எல்லாவற்றிலும் எடுப்பாக நிற்பது 6.7-இல் எழும் இரும்பின் மேடு. அங்கே ஒளிர்வது 24 எலெக்ட்ரான்களை இழந்து இரண்டே இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு. பச்சைக் கோட்டு இரும்பு பாதி எலெக்ட்ரான்களைத்தான் இழந்திருந்தது. இது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்துவிட்டது. அமைதியான சூரியனில் இந்த மேடு தெரியாது. 1 கோடி டிகிரியைத் தாண்டும் வெடிப்பு வந்தால்தான் தலைதூக்கும். அதைத் திரையில் பார்த்தாலே, 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் கொதிக்கும் இடத்தின் வெப்பம் என்ன என்பது புரிந்துவிடும்.

கோடுகளின் உயரத்துக்கும் அடியில் இருக்கும் தொடர் ஒளிக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், ஹைட்ரஜனோடு ஒப்பிட அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடலாம். தொடர் ஒளியில் பெரும்பங்கு ஹைட்ரஜன், ஹீலியம் அயனிகளால் வருவது என்பதால் இது சாத்தியமாகிறது. இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியமான திருப்பம் இதில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் அளக்கும் கருவி அடிப்படையில் ஒரு சிலிக்கான் துண்டு. ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், அதில் விழுந்தால் உள்ளே எலெக்ட்ரான்களைத் தட்டி விடுவிக்கிறது. ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க சராசரியாக 3.6 எலெக்ட்ரான் வோல்ட் செலவு. அப்படியானால் 6.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட இரும்பின் ஃபோட்டான் ஒன்று, சுமார் 1,800 எலெக்ட்ரான்களை எழுப்பும். அந்தச் சின்ன மின்துடிப்பை அளந்தால் வந்த ஃபோட்டானின் ஆற்றல் தெரியும். ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக எடை போட்டு, அந்தந்த எடைக்கான பெட்டியில் போட்டுக்கொண்டே வருவதுதான் நிறமாலை. எக்ஸ்எஸ்எம் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு முழு நிறமாலை எடுக்கிறது, 1 முதல் 15 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை. வெப்பத்தாலேயே சிலிக்கானில் தானாக எழும் எலெக்ட்ரான்கள் அளவைக் கெடுக்கும் என்பதால் உணர்கருவியைக் குளிர்வித்து வைக்கிறார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. வெடிப்பு உச்சத்தில் ஃபோட்டான்கள் மழையாகக் கொட்டும். இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் விழுந்தால் கருவி அவற்றை இரு மடங்கு ஆற்றல் கொண்ட ஒரே ஃபோட்டானாக எண்ணிவிடும், நிறமாலை பொய்யாகிவிடும். அதற்காக எக்ஸ்எஸ்எம் கருவியில் ஒரு சுழல்சக்கரம் வைத்தார்கள். ஒளி எல்லை மீறினால் பெரிலியத் தகடு ஒன்று தானாகவே துளைக்கு முன்னால் வந்து நின்று, குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை மறித்துக்கொள்ளும். சூரியனைப் படிக்க இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 கலத்தில் இருக்கும் சோலெக்ஸ் என்ற எக்ஸ் கதிர்க் கருவியில் வேறு வழி. அதில் இரண்டு உணர்கருவிகள்; ஒன்றின் வாய் 7.1 சதுர மில்லிமீட்டர், மற்றதன் வாய் வெறும் 0.1 சதுர மில்லிமீட்டர். சூரியன் அமைதியாக இருக்கும்போது பெரிய வாய், கொந்தளிக்கும்போது சின்ன வாய். விண்வெளிக் கருவி என்றால் பிரம்மாண்டத்தைத்தான் நினைக்கிறோம். சூரியனைப் பொறுத்தவரை கலையெல்லாம் எவ்வளவு குறைவாக உள்ளே விடுவது என்பதில் இருக்கிறது.

இனி வெடிப்புக்குள் போவோம். சூரியப் பரப்புக்கு மேலே காந்தக் கோடுகள் வளையங்களாக எழுந்து நிற்கின்றன. அடியில் பிளாஸ்மா, அதாவது அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்த சூடான வாயு, ஓயாமல் புரள்வதால் அவை முறுக்கேறுகின்றன. ஒரு கட்டத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு விதமாக இணைகின்றன. இதைக் காந்த மறுஇணைப்பு என்கிறார்கள். முறுக்கிய ரப்பர் நாடாவை விட்டால் எப்படித் தெறிக்குமோ, அப்படிச் சேர்ந்திருந்த ஆற்றல் விடுபடுகிறது. அதில் பெரும்பங்கு எலெக்ட்ரான்களை முடுக்குவதில் போகிறது. அந்த எலெக்ட்ரான்கள் வளையத்தின் இரு கால்கள் வழியாகக் கீழே பாய்ந்து, சூரியப் பரப்புக்கும் கொரோனாவுக்கும் நடுவே இருக்கும் அடர்த்தியான அடுக்கான நிறக்கோளத்தில் மோதி நிற்கின்றன.

மோதும் அந்த நொடிகளில் எழுவது உயர் ஆற்றல் எக்ஸ் கதிர். வன் எக்ஸ் கதிர் என்பார்கள். 1958 மார்ச் 20 அன்று கியூபாவில் பறந்துகொண்டிருந்த பலூன் கருவி ஒன்றில் பீட்டர்சனும் விங்க்லரும் இதை முதலில் பார்த்தார்கள். வேறு வேலைக்காக அனுப்பிய கருவி அது. இந்த வன் எக்ஸ் கதிரின் நிறமாலை, வெப்பத்தால் வரும் சரிவைப் போல வேகமாக விழுவதில்லை. மிக உயர்ந்த ஆற்றல் வரை வால் நீண்டுகொண்டே போகும். அந்த வாலின் வடிவத்தைப் பார்த்து, எத்தனை எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் பாய்ந்தன என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். 2002 பிப்ரவரி 5 அன்று ஏவப்பட்ட நாசாவின் ரெஸ்ஸி கலம், கடுங்குளிரில் வைத்த ஒன்பது ஜெர்மேனியம் உணர்கருவிகளோடு 2018 வரை இதைத்தான் செய்தது. பெரிய வெடிப்புகளில் நொடிக்கு 10-இன் 36-ஆம் அடுக்கு எலெக்ட்ரான்கள் என்ற கணக்கு வருகிறது. மேலே கொரோனாவில் அந்த வளையத்தில் இருக்கும் மொத்த எலெக்ட்ரான்களும் சீக்கிரமே காலியாகிவிடும் அளவு அது. அவை எப்படித் திரும்ப நிரம்புகின்றன என்பது சூரிய இயற்பியலாளர்களை நெடுநாளாக அலைக்கழிக்கும் கேள்வி.

இதற்கு முன்பே ஜப்பானின் யோக்கோ கலம் இன்னொன்றைக் காட்டியது. 1992 ஜனவரி 13 வெடிப்பில், கால்கள் மட்டுமல்லாமல் வளையத்தின் உச்சிக்கும் மேலே ஒரு வன் எக்ஸ் கதிர் ஊற்று தெரிந்தது. அதைக் கண்டறிந்த சதோஷி மசுதாவின் பெயராலேயே அந்த வெடிப்பை இன்றும் அழைக்கிறார்கள். ஆற்றல் விடுபடும் இடம் வளையத்துக்கு மேலே இருக்கிறது என்பதற்கு அதுவரை அவ்வளவு தெளிவான படம் கிடைத்ததில்லை.

எலெக்ட்ரான்கள் மோதியதும் நிறக்கோளப் பொருள் சூடேறி, போக்கிடம் இல்லாமல் அதே வளையத்துக்குள் மேல்நோக்கிப் பொங்குகிறது. பாலைக் கொதிக்க விட்டால் பாத்திரத்தில் ஏறி வருவதைப் போல. வளையம் முழுக்கச் சூடான, அடர்ந்த பிளாஸ்மா நிரம்பும்போதுதான் குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர், அதாவது மென் எக்ஸ் கதிர், உச்சத்துக்குப் போகிறது. வெர்னர் நியூபர்ட் 1968-இல் கவனித்த உறவு இதற்குப் பொருந்துகிறது. குழாயைத் திறந்து குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வரும் தண்ணீரின் வேகம் வன் எக்ஸ் கதிர். குடத்தில் ஏறும் மட்டம் மென் எக்ஸ் கதிர். குழாய் பீறிடும்போது மட்டம் விறுவிறுவென ஏறும். குழாயை மூடியதும் மட்டம் ஏறுவது நிற்கும். எல்லா வெடிப்புகளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. குடமும் ஓட்டைக் குடம்தான், ஏனென்றால் பிளாஸ்மா குளிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான வெடிப்புகளில் இந்த உறவு தெளிவாகத் தெரிகிறது.

பொருள் மேலே ஏறுகிறது என்பதற்கு 1980-இல் ஏவப்பட்ட சோலார் மேக்ஸிமம் மிஷன் கலம் இன்னொரு சான்று தந்தது. அதில் இருந்தது படிகத்தால் எக்ஸ் கதிரைப் பிரிக்கும் நிறமாலைமானி. சிலிக்கான் துண்டைவிடப் பல மடங்கு நுணுக்கமாகக் கோடுகளைப் பிரிக்கும். வெடிப்பின் தொடக்கத்தில் கால்சியத்தின் கோடு கொஞ்சம் நீலப் பக்கம் நகர்ந்திருந்தது. நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் ஒலி கூர்மையாகக் கேட்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். பிளாஸ்மா நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி, அதாவது மேல்நோக்கி, வந்துகொண்டிருந்தது.

வேகம் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி, பொருளின் ஊர் எது என்பது. இங்கேதான் அகமதாபாத் கருவி உள்ளே வருகிறது.

சூரியப் பரப்பின் கலவையும் கொரோனாவின் கலவையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மேலே இருப்பது கீழிருந்து போனதுதானே. ஆனால் அப்படி இல்லை. மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், கால்சியம், இரும்பு ஆகியவை கொரோனாவில் மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆர்கான், நியான் போன்றவை அப்படிக் கூடவில்லை. என்ன வித்தியாசம்? முதல் கூட்டம் முதல் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் தனிமங்கள். நிறக்கோளத்தின் வெப்பத்திலேயே அவை அயனியாகிவிடுகின்றன. ஆர்கானும் நியானும் அங்கே நடுநிலை அணுக்களாகவே இருக்கின்றன. மின்னூட்டம் உள்ளதைத்தான் காந்தப்புலமும் அதில் ஓடும் அலைகளும் பிடித்து மேலே தள்ள முடியும். முறத்தில் போட்டுப் புடைக்கும்போது பதர் ஒரு பக்கம் மணி ஒரு பக்கம் பிரிவதைப் போல, அயனிகளும் நடுநிலை அணுக்களும் நிறக்கோளத்தில் பிரிகின்றன. புதிதாக முளைக்கும் காந்த வளையங்களில் இந்தப் பிரிவினை முழுமையடைய நாள்கணக்கில் ஆகிறது.

அப்படியானால் கலவையே ஒரு முகவரிச் சீட்டு. நெடுநாள் கொரோனாவில் இருந்த பொருள் புடைத்த பொருள். அதில் சிலிக்கான் அதிகம். கீழிருந்து அவசரமாகப் பொங்கி வந்த பொருளுக்குப் புடைக்க நேரம் இருந்திருக்காது. அதில் சிலிக்கான் சூரியப் பரப்பின் அளவிலேயே இருக்கும்.

பிஸ்வஜித் மண்டல் தலைமையிலான அகமதாபாத் குழு, எக்ஸ்எஸ்எம் பதிவு செய்த ஒன்பது பி வகை வெடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சிறு சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு நிறமாலை என்று ஆராய்ந்தது. பி வகை என்பது மிகச் சிறியது. எக்ஸ் வகையோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மங்கிய வெடிப்பில் கலவை எப்படி மாறுகிறது என்று நிமிடக் கணக்கில் தொடர்ந்து பார்ப்பது அதற்கு முன் எளிதாக இருந்ததில்லை. 2021-இல் வெளியான முடிவு இது. வெடிப்பு தொடங்கும்போது மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் மூன்றும் கொரோனா அளவில் இருக்கின்றன. ஒளி ஏற ஏற இறங்குகின்றன. உச்சத்தில் சூரியப் பரப்பின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அதாவது, வளையத்தை நிரப்பியது கீழிருந்து வந்த புடைக்காத பொருள். இதுவரை எல்லாம் படம் சொன்னபடி.

அதற்கடுத்துத்தான் ஆச்சரியம். வெடிப்பு தணியத் தொடங்கியதும் அளவுகள் மளமளவென்று கொரோனா அளவுக்கே திரும்பிவிட்டன, நிமிடங்களில். நாள்கணக்கில் நடக்க வேண்டிய புடைப்பு நிமிடங்களில் எப்படி நடக்கும்? வெடிப்பே எழுப்பும் காந்த அலைகள் வளையத்தின் கால்களில் பிரிவினையை வேகப்படுத்துகின்றனவா? இல்லை, பொங்கி வரும் பொருளின் பிற்பகுதி ஏற்கெனவே புடைத்த அடுக்கிலிருந்து வருகிறதா? இரண்டையும் யோசிக்கிறார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பாடப்புத்தகப் படத்தை உறுதிசெய்த அதே அளவீடு, அந்தப் படத்தில் இல்லாத ஒன்றையும் கூடவே கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இந்தக் கருவி சூரியனுக்காகவே செய்யப்பட்டது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலவின் தரையில் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அறியச் சந்திரயான்-2-இல் கிளாஸ் என்ற கருவி இருக்கிறது. சூரிய எக்ஸ் கதிர் நிலவின் மண்ணில் பட்டதும் மண்ணில் உள்ள தனிமங்கள் தங்களுக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும்; கிளாஸ் அதைப் படிக்கும். வந்த ஒளி எவ்வளவு என்று தெரிந்தால்தான் திரும்பிய ஒளிக்குக் கணக்குப் போட முடியும் என்பதால், கூடத் துணைக்குப் போனது எக்ஸ்எஸ்எம். கலம் போய்ச் சேர்ந்த 2019-20 காலமோ, கடந்த நூறு ஆண்டுகளில் சூரியன் மிகவும் ஆழ்ந்து அடங்கியிருந்த காலங்களில் ஒன்று. நிலவின் மண்ணைப் படிக்க அது நல்ல காலம் இல்லை. ஆனால் துணைக்கு வந்தவனுக்கு அதுவே வாய்ப்பாகிவிட்டது. ஒரு சூரியப் புள்ளிகூட இல்லாத 76 நாட்களில், ஏ வகையைவிடவும் சிறிய 98 குறுவெடிப்புகளைச் சூரியனின் அமைதியான பகுதிகளில் அது கண்டெடுத்தது. காந்தக் கொந்தளிப்பு உள்ள இடத்தில்தான் வெடிப்பு நடக்கும் என்று எண்ணியிருந்த இடத்தில், ஒன்றும் இல்லாத வெறும் பகுதியிலும் தீப்பொறிகள் தெறிப்பது தெரிந்தது. கொரோனா ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்ற பழைய புதிருக்கு இந்தச் சின்னப் பொறிகளும் பங்களிக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி.

எக்ஸ்எஸ்எம் ஒருநாளில் முளைத்தது இல்லை. 2003 மே 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஜிசாட்-2 செயற்கைக்கோளில் இதே ஆய்வுக்கூடம் செய்த சாக்ஸ் என்ற சூரிய எக்ஸ் கதிர் நிறமாலைமானி இருந்தது. அந்த அனுபவம் பின்னால் கைகொடுத்தது.

நிலவைச் சுற்றும் கலத்துக்கு ஒரு குறை உண்டு. அவ்வப்போது நிலவே சூரியனை மறைத்துவிடும். அந்தக் குறை ஆதித்யா-எல்1 கலத்துக்கு இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள எல்1 என்ற ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியைச் சுற்றும் பாதையில் அமர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் சூரியன் மறைவதே இல்லை. திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜி. கலத்தில் சோலெக்ஸ் சுமார் 2 முதல் 22 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கிறது. அதில் இருக்கும் இன்னொரு கருவியான ஹீலியோஸ் சுமார் 10 முதல் 150 வரை. இரண்டும் பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவானவை. முன்பு சொன்ன உவமையில் ஹீலியோஸ் குழாயைப் பார்க்கிறது, சோலெக்ஸ் குடத்தைப் பார்க்கிறது. ஒரே கலத்தில், ஒரே கடிகாரத்தில், இரண்டும் சேர்ந்து கிடைப்பது பெரிய விஷயம். பயணத்தின் வழியிலேயே, 2023 அக்டோபர் 29 அன்று, ஹீலியோஸ் தன் முதல் வெடிப்பைப் பதிவு செய்துவிட்டது.

2024 சூரியனின் உச்ச காலம். பிப்ரவரி 22-இல் எக்ஸ்6.3, மே 14-இல் எக்ஸ்8.7, அக்டோபர் 3-இல் எக்ஸ்9.0. மே மாதம் 10, 11 தேதிகளில் வந்த காந்தப் புயலில் லடாக்கின் ஹன்லே வானத்திலேயே சிவப்பு ஒளி படர்ந்தது. அந்தப் புயலுக்குக் காரணமான புள்ளிக் கூட்டம் வெடித்த எக்ஸ் வகை வெடிப்புகள் இந்த இரு கருவிகளிலும் பதிவாகியுள்ளன.

வெடிப்பின் எக்ஸ் கதிர் நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி. ஒளியின் வேகத்திலேயே வருவதால் அதற்கு முன்னறிவிப்பு கொடுக்க வழியில்லை. தெரிய வரும்போதே வந்து சேர்ந்திருக்கும். பகல் பக்கத்தில் அயனிமண்டலத்தின் அடித்தட்டு திடீரென அடர்ந்து சிற்றலை வானொலியை விழுங்கும். வெளியூர் நிலையங்களைச் சிற்றலையில் தேடித் தேடிக் கேட்ட தலைமுறைக்கு, நடுப்பகலில் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் அடங்கிப்போன அனுபவம் இருக்கலாம். கடல் மேல் பறக்கும் விமானங்களுக்கு இன்றும் சிற்றலை வேண்டியிருக்கிறது. ஆனால் வெடிப்போடு சேர்ந்து கிளம்பும் வேகமான புரோட்டான்கள் வருவதற்குப் பல நிமிடங்கள் முதல் சில மணிநேரம் ஆகலாம். பிளாஸ்மா மேகம் வர ஒன்று முதல் மூன்று நாள். எக்ஸ் கதிர் முதலில் வந்து சேரும் சேதி என்பதால், பின்னால் என்ன வரக்கூடும் என்று கணிக்கும் வேலை அதிலிருந்து தொடங்குகிறது.

சந்திரயான்-2, ஆதித்யா-எல்1 இரண்டின் தரவுகளையும் பெங்களூருவை ஒட்டிய பயலாலுவில் இருக்கும் இஸ்ரோவின் தரவு மையம் இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மே 2024-இன் ஏதாவது ஒரு நாளை எடுத்து, வெடிப்புக்கு முந்தைய ஒரு நிமிடத்தின் நிறமாலையையும் உச்சத்தின் ஒரு நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், முதலாவதில் 6.7-இல் தட்டையாகவோ தாழ்வாகவோ இருந்த இடத்தில் இரண்டாவதில் இரும்பின் மேடு எழுந்து நிற்கும்.